குருட்டு ஈயும் ஒரு கை மாசியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு நான் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். பழைய இரும்புக் கடையில் கிடந்த மோட்டாரைக் கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில் கட்டினேன். வேண்டாம் என்று ஊரே சொன்ன இடத்தில், அம்பாசமுத்திரம் பஸ் நிற்கும் சந்திப்புக்குப் பக்கத்தில், இரண்டாவது மில் கட்டினேன். ஆற்று வெள்ளம் மில்லுக்குள் இடுப்பளவு நின்று வடிந்த நாலாம் நாள் இடியாப்ப மாவு அரைத்துக் கொடுத்தேன். மாடி வீடு கட்டினேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மூத்தவன் கங்கைகொண்டானில் இன்ஜினியராக இருக்கிறான். இளையவன் என் பேச்சைக் கேட்பதில்லை. அதற்கும் ஒரு படிப்பு வேண்டுமல்லவா, அதையும் நான்தான் கொடுத்தேன்.

இந்தப் பத்திரிகையில் போன வாரம் நான் எழுதிய மோட்டார் கதையைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர், "அந்த எடையை ஒரு மனிதர் தோளில் தூக்க முடியாது" என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஐயா, தூக்கியவன் நான். நீங்கள் காகிதத்தில் எடை போட்டவர்.

இதெல்லாம் சின்ன விஷயம். என் ஆயுளில் நான் செய்த பெரிய காரியம் வேறு. பிறவியிலேயே கண் தெரியாத ஈக்களுக்குப் பார்வை கொடுத்தேன். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், நான் இருக்கிறேன்.

ஈக்குச் சோளம்

வெயில் ஏறிய நேரம். மிளகாய் அரைக்க நாலைந்து பெண்கள் தும்மிக்கொண்டு நின்றார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பெண் உள்ளே வந்து, ஒரு பை மக்காச்சோளத்தைத் தராசில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இதை அரைக்கணும். வேற எந்த மாவும் இதுல ஒட்டிரக் கூடாது."

"யாருக்கும்மா? கைப்பிள்ளைக்கா?"

"இல்ல அண்ணாச்சி, ஈக்கு."

தும்மல் நின்றுவிட்டது. அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊரெல்லாம் ஈய அடிக்கதுக்கு மருந்து விக்கான். நீ சோறு போட்டு வளக்கியாக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. அதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சிருக்காங்க."

பெயர் ஜெசிந்தா. கொற்கைக்குக் கிழக்கே கடலோரத்து ஊர்க்காரி. அப்பா படகில் போகிறவர். இங்கே ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு மேலே இருந்த பேராசிரியை வடிவு அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சைவ வீட்டுச் சாம்பார்ப்பொடி இரண்டு தலைமுறையாக என் கல்லில்தான் அரைபடுகிறது. "சுத்தமாக அரைக்க வேண்டுமானால் அண்ணாச்சி மில்லுக்குப் போ" என்று அனுப்பியதே அந்த அம்மாதான்.

மீன் ஏறாத கல்

ஏன் என் மில்? அதற்கு ஒரு கதை உண்டு.

என் வீட்டில் அமாவாசை தவிர மீன் இல்லாத நாள் கிடையாது. ஆனால் மில்லைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் பாதிக்கு மேல் சைவக் குடும்பங்கள். முட்டை ஓடு வாசலில் கிடந்தாலே தெருவைச் சுற்றிப் போகிறவர்கள். அதனால் முதல் நாளே பலகை எழுதி மாட்டினேன்: 'இங்கு மீன், கருவாடு அரைக்கப்பட மாட்டாது.' ஊரில் அதற்குச் சைவ மில் என்றே பெயர்.

ஒரு தடவை ஒரு பெண் கொத்தமல்லிக்கு அடியில் கருவாட்டை மறைத்துக் கொண்டு வந்து கொட்டிவிட்டாள். மூக்கில் ஏறியதும் மோட்டாரை நிறுத்தினேன். கல்லைக் கழற்றிக் கொத்த வைத்தேன். மூன்று மரக்கால் தவிட்டை ஓட்டி வெளியே கொட்டினேன். அன்று முழுக்க வேறு அரைவை இல்லை. 'அண்ணாச்சி மாதிரி ஒரு மனுஷன் உண்டா' என்று தெருவே பேசியது. அந்தக் கருவாட்டுக்காரி மட்டும் வேறு மாதிரி பேசினாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அந்தப் பலகை எவ்வளவு பெரிது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண் இருக்கு, சேதி இல்லை

என் மாவு யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்காமல் எனக்குத் திருப்தி வராது. ஒருநாள் சோள மாவு டின்னை நானே கொண்டு போனேன்.

அறை முழுக்கப் பஞ்சு அடைத்த கண்ணாடிக் குப்பிகள். நேற்று அரைத்த இட்லி மாவு பொங்கி வழிந்த புளித்த வாசம். ஒவ்வொரு குப்பியிலும் பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈக்கள். எள்ளில் பாதி இருக்கும். குன்றிமணியை நுணுக்கி ஒட்டியதுபோலச் சிவந்த கண்.

"இந்தக் கண்ணுக்குள்ளதான் அண்ணாச்சி என் வேலை" என்றாள் ஜெசிந்தா. "வெளிச்சம் பட்டதும் கண்ணுல இருக்க செல்லுக்குள்ள கால்சியம் பாயும்."

"கால்சியம்னா?"

"சுண்ணாம்புச் சத்து."

வெற்றிலைப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பு டப்பாவை நீட்டினேன். "இதுக்கா இம்புட்டு யோசிக்க? குப்பிக்கு ஒரு விரல் வச்சு விடு."

"ஐயோ, அதை உள்ள வைங்க அண்ணாச்சி! மேடம் பாத்தா என்னையும் சேத்து வெளிய வச்சிருவாங்க."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்ததை என் மொழியில் எழுதுகிறேன். மில்லில் மேலே தகரக் கூம்பு இருக்கிறது. அதில் தானியம் கிடக்கிறது. கூம்பின் வாயில் ஒரு தகடு. சுவிட்சைப் போட்டதும் தகட்டை இழுக்கிறோம், தானியம் இறங்குகிறது, கீழே மாவு விழுகிறது. ஈயின் கண்ணில் வெளிச்சம்தான் சுவிட்ச். தகட்டை இழுக்கும் கை கால்சியம். கூம்பில் கிடக்கும் சரக்குக்கு ஹிஸ்டமின் என்று பெயர். செல்லின் வால் நுனியில் பொட்டணம் பொட்டணமாக அது காத்திருக்கும். கால்சியம் பாய்ந்ததும் பொட்டணம் உடைந்து கொட்டும். கொட்டினால்தான் அடுத்த நரம்புக்குச் சேதி போகும். எவ்வளவு கால்சியம் பாய்ந்தால் எவ்வளவு சரக்கு கொட்டும் என்று அளப்பதுதான் அவள் படிப்பு.

நான் சொன்ன இந்தக் கூம்பு உதாரணத்தைத்தான் வடிவு அம்மா இப்போது வகுப்பில் சொல்கிறார்கள். யாருடையது என்று சொல்கிறார்களா என்பது தெரியவில்லை.

மூலையில் ஒரு வரிசைக் குப்பிகள் தனியாக இருந்தன.

"இது பிறவிக் குருடு" என்றாள். "இதுகளுக்கு ஹிஸ்டமின் செய்யத் தெரியாது. சுவிட்ச் சரி, தகடும் திறக்கும். கூம்பு காலி."

இரண்டு கவை உள்ள ஒரு குழாயில் நல்ல ஈக்களை விட்டு, ஒரு முனையில் விளக்கைக் காட்டினாள். பஸ்ஸைக் கண்ட கூட்டம்போல அத்தனையும் விளக்குப் பக்கம் ஓடின. குருட்டு ஈக்களை விட்டாள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள்போல அங்கங்கே உட்கார்ந்துகொண்டன.

இன்னொன்றும் காட்டினாள். ஈயின் கண்ணில் முடியைவிட மெல்லிய கம்பியைத் தொட வைத்து வெளிச்சம் போட்டால் கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஓடும். நல்ல ஈ என்றால் வெளிச்சம் வரும்போது ஒரு கொம்பு, போகும்போது ஒரு கொம்பு. குருட்டு ஈக்குக் கோடு ஏறி இறங்கும், கொம்பு மட்டும் இருக்காது. கண் பார்த்துவிட்டது, சொல்ல ஆளில்லை.

"இந்தப் பாவத்தை எதுக்கும்மா வச்சிருக்க?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்லா? தகடு திறந்தும் மாவு விழாத மில்லு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் மத்ததை நம்ப முடியும்."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் சோளத்தைத் தின்றுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

அவள் அம்மா அனுப்பிய மாசி

மகளுக்கு நான் நன்றாக அரைத்துத் தருவதற்காக ஜெசிந்தாவின் அம்மா ஊரிலிருந்து மாசி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மாசி என்பது சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைத்தது. விறகுக் கட்டைபோல இருக்கும். மழை நாளில் காய வைத்த மீனோ என்னவோ, முதல் நாள் துவையல் அரைத்துத் தின்றதுமே எனக்கு உடம்பெல்லாம் தடித்து விட்டது. கழுத்திலிருந்து முழங்கால்வரை சொறிந்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "அந்த மீனைத் தொடாதீர்கள்" என்றார்.

என் மனைவி பொன்னுத்தாய், "தூக்கி எறிங்க" என்றாள்.

ஒரு தாய் அனுப்பியதை எறிவதா? அப்போதுதான் தோன்றியது. கண்ணுக்கு மீன் நல்லது. சின்ன வயதில் எல்லாரும் கேட்டதுதானே? எனக்கு ஆகாவிட்டால் என்ன, பார்வை இல்லாத உயிர் எத்தனை இருக்கிறது!

வீட்டு உரலில் மாசியை இடித்தேன். மில்லில் அல்ல, வீட்டு உரலில். இதை அச்சில் தெளிவாகப் போட வேண்டும் என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அரைத்த சோள மாவை வீட்டுக்குக் கொண்டு வந்து, படிக்கு ஒரு கை மாசிப் பொடி என்று கலந்து டின்னை மூடினேன். அடுத்தடுத்த டின்னுக்கும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவே வினையாகப் போயிற்று.

வாழ்த்தினேன், அழுதாள்

சில வாரங்கள் கழித்து ஜெசிந்தா மில்லுக்கு வந்தாள். கையில் சோளப் பை இல்லை.

"அண்ணாச்சி, இனிமே மாவு வேண்டாம்."

"ஏம்மா, அரைவை சரியில்லையா?"

"குருட்டு ஈக்குக் கண்ணு தெரியுது."

"அடி சக்கை!" என்று கத்தி மோட்டாரை நிறுத்தினேன். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை பொட்டுக்கடலை கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து அழுகிறாள்.

"கண்ணு தெரிஞ்சா சந்தோஷம்தானே தாயி?"

"தெரியவே கூடாது அண்ணாச்சி! தெரிஞ்சா அது குருட்டு ஈ இல்ல. நல்ல ஈ எப்பவோ உள்ள கலந்துட்டுன்னு மேடம் சொல்லுதாங்க. எப்பம் கலந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மூணு வருஷம் ஒப்பிட்டுப் பாத்தது பூராப் பொய்யின்னு ஆயிரும். நாளைக்குக் காலையில அத்தனை குப்பியையும் வெந்நில போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கணுமாம். எனக்குக் குடுத்த காலம் ரெண்டு மாசத்துல முடியுது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதுல வேற, லேப்ல மீன் வாசம் வருதுன்னு என் சாப்பாட்டுத் தூக்கை வெளிய வைக்கச் சொல்லிட்டாங்க. நான் ஒரு வாரமா தயிர்சோறுதான் கொண்டு போறேன்."

ஈ கலக்கவில்லை. கலந்தவன் நான்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் மில்லுக்கு வந்த சைவ வீட்டுப் பெண்கள். தலைக்கு மேலே பலகை. வீட்டுக்கு வந்து பொன்னுத்தாயிடம் சொன்னேன்.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? ஈக்கு வைத்தியம் பாத்தியளாக்கும்! வாயைத் திறந்தியன்னா மில்லு போச்சு. வடிவு அம்மாட்டயே போயிச் சொல்லப் போறியளா? அவிய வீட்டுப் பொடி நம்ம கல்லுலல்லா அரைபடுது!"

"சரி, சொல்லல."

அவள் கொஞ்ச நேரம் அரிசி களைந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து என் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"மிச்ச மாசி இதுல இருக்கு. காலையில கொண்டு போங்க. வெறுங்கையோட போனா நம்ப மாட்டாவ."

அடுப்பை அணைக்கச் சொன்ன அம்மா

நான் போனபோது மேசையில் குப்பிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அம்மா, ஈ மேல குத்தமில்ல. இந்தப் பிள்ள மேலயும் குத்தமில்ல. மாவுல மாசி போட்டது நான்."

வடிவு அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறிவியல் பிறகுதான் வந்தது.

"அண்ணாச்சி... எங்க வீட்டு இடியாப்ப மாவு?"

"அது சுத்தம்மா. கல்லு மேல சத்தியம்."

"மாசியை எங்க இடிச்சிய?"

"வீட்டு உரல்ல."

"வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"ஒரு கதவு."

கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஜெசிந்தா டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "இது எங்க அம்மா மாசில்லா!" என்றவள் இன்னொரு தடவை முகர்ந்தாள். "மேடம், சூரை மீனு. பக்குவம் தப்புன சூரையில ஹிஸ்டமின் ஊறும்."

"ஊறும். ஆனா இதுல ஊறியிருக்குன்னு நீ எப்படிச் சொல்லுத?"

அங்கேதான் என் வேலை வந்தது. சட்டைக் கையை மடித்தேன். சொறிந்த தழும்பு இன்னும் இருந்தது. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "இந்த மாசியைத் தின்ன அன்னைக்கு உடம்பு பூராச் சொறிஞ்சேன்மா. டாக்டர் இதைத்தான் குடுத்தாரு."

வடிவு அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தை வாசித்தார்கள். உடம்பில் ஹிஸ்டமினை அடக்குகிற மாத்திரையாம் அது. என்னைச் சொறிய வைத்த சரக்கும் ஈயின் கூம்பில் இல்லாத சரக்கும் ஒன்றே.

அட்டையை இன்னொரு தடவை வாசித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்கள்: "ஜெசிந்தா, அடுப்பை அணை."

குருட்டு ஈக்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாசி இல்லாத மாவு, இன்னொரு பாதிக்கு மாசி போட்டது. மாசியை நிறுத்துக் கொடுத்தவர் வடிவு அம்மாவேதான். ஆயுளில் மீன் தொடாதவர், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, தேவாரம் மாதிரி ஏதோ முணுமுணுத்தபடி ஒவ்வொரு சிட்டிகையாக நிறுத்தார்கள். மரியாதை என்றால் அதற்குத்தான் கொடுப்பேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மாசி இல்லாத ஈக்கள் பந்தி முடிந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தன. மாசி தின்றவை விளக்கைப் பார்த்து ஓடின. கம்ப்யூட்டர் கோட்டில் ஏறும்போது ஒரு கொம்பு, இறங்கும்போது ஒரு கொம்பு. ஈக்கள் கலக்கவில்லை. அவை பிறவிக் குருடுதான். ஜெசிந்தாவின் மூன்று வருடமும் மெய். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் மாசி வாசம்.

நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். குருட்டு ஈக்கு ஹிஸ்டமின் கொடுத்தால் கண் தெரியும் என்று வெளிநாட்டில் முன்பே கண்டுபிடித்து விட்டார்களாம். அவர்கள் கொடுத்தது குப்பியில் விலைக்கு வாங்கிய மருந்து. உரலில் இடித்த மாசியில் செய்தவன் உலகத்தில் யார்? வேறு ஒருவர் இருந்தால் பத்திரிகைக்கு எழுதட்டும்.

பலகையை இறக்கிய நாள்

செய்தி தெருவுக்குள் போனது. எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பேன்?

ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் மில் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார். "என்னவே, ஈக்கு மாசி குடுத்தீராமே? இத்தன வருஷமா எங்களுக்கு என்னத்தவே குடுத்தீரு?"

"உமக்குத்தான் கண்ணு இன்னும் சரியாத் தெரியலையே. அப்பம் நான் ஒண்ணும் குடுக்கலன்னு அர்த்தம் வே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அரிசித் தூக்கை எடுத்துக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார். ஒரு மாதத்துக்குள் பாதித் தெரு போய்விட்டது. உரல் வேறு, கல் வேறு என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தார்கள், கேட்டார்கள், அரிசி கொடுக்கவில்லை. கடைசியில் நானே ஏணி போட்டு ஏறிப் பலகையை இறக்கினேன்.

வடிவு அம்மா மட்டும் இன்னும் என்னிடம்தான் அரைக்கிறார்கள். முன்பெல்லாம் ஆள் வரும். இப்போது அவர்களே வந்து, மாவு டின்னில் விழுந்து மூடி போடும்வரை கண் இமைக்காமல் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு சொல்

ஜெசிந்தா டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். அட்டை போட்ட தடித்த புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். "நம்ம விஷயம் எங்கம்மா இருக்கு?" என்றேன். பக்கத்தைப் புரட்டித் தமிழில் சொன்னாள்:

"'உள்ளூர் மாவு மில் ஒன்றிலிருந்து பெற்ற சோள மாவில் மீன் பொடி தவறுதலாகக் கலந்திருந்தது.'"

"மில் ஒன்றா? பேரு?"

"முன்னாடி நன்றிப் பக்கத்துல உங்க பேரு இருக்கே அண்ணாச்சி."

பார்த்தேன். கர்த்தர், அப்பா, அம்மா, மேடம், குளிர்சாதனம் ரிப்பேர் செய்தவர், அதற்குக் கீழே நான்.

நன்றி எனக்கு எதற்கு? நன்றியைப் பொட்டுக்கடலை வாங்கித் தின்றவர்களே சொல்லிவிட்டார்கள். இதே விஷயத்தைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறார்கள், இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று தெரிகிறது. வடிவு அம்மா இந்த வாரப்பத்திரிகையை வாங்குகிறவர்கள். அதனால் இங்கேயே கேட்கிறேன்.

அம்மா, காரியம் நடந்த விதத்தைச் சொல்லும் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். மில்லின் பெயர், தெருவின் பெயர் இரண்டையும் போடுங்கள். என் தொழில் இதற்காகப் பாதியாயிற்று, இனி நான் மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு சோதனைக்குப் போட்ட மாசியில் பாதியை இடித்தது தான்தான் என்று பொன்னுத்தாய் சொல்கிறாள். இடம் இருந்தால் அவளையும் சேருங்கள்.

அப்புறம் அந்தத் 'தவறுதலாக' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். தவறுதலாக ஒரு சிட்டிகைகூட நான் போடவில்லை. தெரிந்துதான் போட்டேன். அவை பார்க்க வேண்டும் என்று போட்டேன். பார்த்தன.